ரெஜினாவின் கோபமும் ஒரே அச்சுப் படகுகளும்

புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு தொழுவத்தில், வயிற்றுக்குள் கன்று திரும்பிக் கிடந்த பசுவுக்குப் பேறு பார்த்துக்கொண்டிருந்தபோது ரெஜினா இறந்த செய்தி வந்தது. என் வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. மேல்சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் அடித்தது. பசுவின் சொந்தக்காரப் பெண்மணிதான் அதை எடுத்து என் காதோடு வைத்துப் பிடித்தார். மறுமுனையில் ரெஜினாவின் கணவர் ஆரோக்கியசாமி.

"மகா, ரெஜினா போயிட்டாம்மா. டூட்டியிலயே விழுந்துட்டா. தலையில ரத்தக்கொழாய் வெடிச்சிடுச்சின்னு சொல்றாங்க."

கையை எடுத்தால் கன்று போய்விடும். "சரி, வர்றேன்," என்று மட்டும் சொன்னேன். கன்று உயிரோடு வந்தது. அதன் பிறகு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே அழுதேன்.

அந்த அழுகை சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது. நிறுத்தியது, கடலூரில் நாங்கள் உறுப்பினராக இருந்த படகு கிளப்பின் வாட்ஸ்அப் குழு. என்றும் புன்னகை மாறாத முகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிர்ந்து பேசாத பண்பாளர் என்று இன்னொருவர். எல்லோரையும் அரவணைத்துச் சென்றவர், யார் மனதையும் நோகடிக்காதவர், சமத்துவத்தின் அடையாளம். வரிசை வரிசையாகக் கும்பிடும் கைகள். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ரெஜினா அதிர்ந்துதான் பேசுவாள். எதிர்காற்றிலும் அவள் குரல் அக்கரைக்குக் கேட்கும். பலர் மனதை நோகடித்திருக்கிறாள். நோக வேண்டிய மனங்கள்தான் அவை. கடைசிச் சில ஆண்டுகளாக அவள் அந்தக் கிளப்பின் வாசலை மிதிக்கவே இல்லை. ஏன் மிதிக்கவில்லை என்பது அன்று கும்பிட்ட அத்தனை கைகளுக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் கிளப்பின் தலைவர் நடராஜன் சார் என்னை அழைத்தார். ஆண்டு மலருக்கு ரெஜினாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். "பழசெல்லாம் வேணாம்மா. நல்லதா நாலு வார்த்தை போதும்."

நல்லதாகவே எழுதுகிறேன். அவளைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்லவற்றில் முதலாவது அவளுடைய கோபம். மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் அவளை அறிந்த உங்களுக்கே நேராக எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. ஒரே படகில் முன்னும் பின்னுமாக இத்தனை காலம் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

நான் அந்தக் கிளப்புக்கு முதலில் போனது அங்கிருந்த நாய்க்குத் தடுப்பூசி போட. ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, முழங்கால்வரை சேற்றோடு ஒரு பெண் என்னையே அளவெடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்ளோ வெயிட் இருப்பீங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கோவப்படாதீங்க டாக்டர். எனக்கு முன்னாடி ஒக்கார கனமா ஒரு ஆளு வேணும். காத்து ஜாஸ்தியானா நான் ஒருத்தியா போட்ட அமுக்க முடியல," என்றாள். அதுவரை என் உடம்பை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டு வாங்கியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளோடு பாய்மரப் படகில் ஏறிவிட்டேன். அவள் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள், பெரிய பாயைப் பார்த்துக்கொள்வாள். நான் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றைப் பிடிப்பேன். படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பைத் தொங்கவிடுவேன். கடைசிவரை அதே இடங்கள்தான்.

ரெஜினா கடலூர் முதுநகரில் குடியிருந்தாள். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அதே வேலையில் சேர்ந்திருந்தாள். பாய்ப்படகுப் பந்தயம் அவளுக்கு மஸ்கட்டில் பழக்கமானது. வந்து பார்த்தால், உப்பனாற்றங்கரையில் நம் கிளப்பில் பத்துப் பேர் பத்து விதமான படகு வைத்திருந்தார்கள். நீளமானது, குட்டையானது, வெளிநாட்டிலிருந்து இறக்கியது, இங்கே தட்டிச் செய்தது. பந்தயம் முடிந்ததும் எந்தப் படகுக்கு எவ்வளவு நேரச் சலுகை என்று கணக்குப் போட்டுத்தான் வெற்றியை அறிவிப்பார்கள். முதலில் வந்தவருக்கே தான் ஜெயித்தோமா என்று தெரியாது. கணக்கு முடிவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் பண்ருட்டி முந்திரி ஏற்றுமதியாளர் தனசேகரனின் படகு ஜெயிக்கும். ஒவ்வொரு ஆண்டும் அதில் புதிதாக ஏதாவது ஒன்று மாட்டப்பட்டிருக்கும்.

ரெஜினா அதற்கு ஒரு வழி சொன்னாள். எல்லாப் படகையும் ஒரே அச்சில் வார்ப்போம். ஒரே பாய், ஒரே எடை, ஒரே கயிறு. படகு யாருக்கும் சொந்தமில்லை, கிளப்புக்குச் சொந்தம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் குலுக்கிப் போட்டு எண் எடுப்போம். வந்த எண்ணில் ஏற வேண்டியதுதான். "காத்து எல்லாருக்கும் ஒண்ணு. போட்டும் ஒண்ணா இருந்துட்டா, தோத்ததுக்கு யார்கிட்டயும் சாக்கு சொல்ல முடியாது," என்று கூட்டத்தில் சொன்னாள். உலகத்தில் எத்தனையோ இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. இப்படி நடக்கிற இடங்களில்தான் கூட்டமும் சேர்கிறது என்றாள்.

பரங்கிப்பேட்டையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வார்க்கும் பட்டறை வைத்திருந்த ஹாஜா பாய் அச்சு செய்து கொடுத்தார். எட்டுப் படகுகள். வெள்ளை உடம்பு, பாயில் ஒரு நாரைப் படம், அதன் கீழே எண். எண்ணைத் தவிர ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. நாரைப் படகு என்றே ஊரில் பெயர் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். படகு வாங்க வேண்டாம் என்றதும் ஆட்கள் வந்தார்கள். சிதம்பரத்திலிருந்து மருத்துவ மாணவர்கள், விடுமுறைக்கு வந்த வளைகுடாக்காரர்கள், நெல்லிக்குப்பம் பள்ளி ஆசிரியைகள், தங்கள் மாப்பிள்ளைகளோடு வந்த மாமனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்து மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எட்டுப் படகும் ஒரே கோட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வரும்போது யார் முந்துகிறார்கள் என்று கரையில் நிற்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கணக்கு தேவையில்லை. ஒரே காலையில் மூன்று தொகுதியாகப் பிரித்து விட வேண்டி வந்தது. அப்போதும் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள்.

அவள் என்னையும் விட்டுவைத்ததில்லை. ஒரு சுற்றில் மூன்றாம் எண் படகு எங்களுக்கு வந்தது. கடைசிக்கு முந்தின இடத்தில் வந்து சேர்ந்தோம். கரை ஏறும்போது, "இந்த போட்டே மந்தம்ப்பா," என்று நான் சொல்லிவிட்டேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"போன ரவுண்டுல ஹாஜா பாய் மருமகன் இதே போட்லதான் மொதல்ல வந்தாரு. போட்ட திட்டாத. என்னத் திட்டு. திருப்பத்துல நான் தப்பு பண்ணேன். நீ கயித்த லேட்டா விட்ட. அதச் சொல்லு."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னாள். தன் தப்பையும் அதே சத்தத்தில் சொன்னாள் என்பதை அதிர்ந்து பேசாதவள் என்று எழுதியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பாலமுருகனும் அன்பரசியும் வந்தது அந்தக் காலத்தில். கணவன் மனைவி. மேல்பட்டாம்பாக்கத்தை ஒட்டிய காலனியிலிருந்து வந்தவர்கள். அவர் வங்கியில் அதிகாரி. அவர் மனைவி அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இருவரும் பந்தயத்தில் பெரிய கெட்டிக்காரர்கள் இல்லை. நடுவில் எங்காவது வருவார்கள், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறை கவிழ்ந்து, படகைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தபடியே அன்பரசி, "என்னாங்க, ஒங்க செல்போன் பாக்கெட்லயா இருக்கு?" என்று கேட்டது கரையில் எல்லோருக்கும் கேட்டது. ரெஜினா அன்று சிரித்த சிரிப்பை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

சில வாரங்களில் ரெஜினா ஒன்றைக் கவனித்தாள். பாலமுருகன் ஓட்டிவிட்டு வந்த படகு அடுத்த சுற்றுக் குலுக்கலில் தனசேகரனுக்கு வந்தால், அவருக்கு அந்தப் படகில் ஏதாவது ஒரு குறை இருக்கும். ஒருநாள் உட்காரும் இடம் ஈரமாக இருந்தது. படகில் உட்காரும் இடம் எப்போது ஈரமில்லாமல் இருந்தது? ஒருநாள் சுக்கான் இறுக்கமாக இருந்தது. ஒருநாள் நாற்றம் அடித்தது. ஒருநாள் குறையே சொல்லாமல், படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரைக் கூப்பிட்டுச் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். மற்ற யார் ஓட்டிவிட்டு வந்த படகிலும் அவர் துண்டைக்கூட உதறாமல் ஏறிக்கொண்டார்.

சோப்பு போட்ட அன்று காலைப் பந்தயம் முடிந்து எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாலமுருகன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். அன்பரசி சாப்பிடவே இல்லை. அவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றவர்கள் சட்னியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"தனசேகரன் சார், ஒரு விஷயம். பாலு ஏறி எறங்குன போட்ல மட்டும் ஏன் ஏற மாட்டேங்குறீங்க?"

"யாரு சொன்னா? நாத்தம் அடிச்சுது, கழுவச் சொன்னேன். அவ்ளோதான."

"நீங்க கழுவச் சொல்றப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு நாத்தமும் இல்ல. சாதிதான சார்? அத மட்டும் சோப்பு போட்டுக் கழுவ முடியாது."

யாரோ ஒருவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தனசேகரன் எழுந்து வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர் போன உடனே அத்தனை பேரும் ரெஜினா பக்கம்தான் திரும்பினார்கள். இப்படியா எல்லார் முன்னாடியும் பேசுவது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, பாவம் பாலுவுக்கே எவ்வளவு சங்கடம் என்றார்கள். சங்கடத்தைக் கொடுத்தவர் காரில் போய்க்கொண்டிருந்தார். அதைச் சொன்னவளைச் சுற்றி நின்று புத்தி சொன்னார்கள். அன்பரசி மட்டும் எழுந்து வந்து ரெஜினாவின் தட்டிலிருந்து ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. தனசேகரனிடம் விளக்கம் கேட்கவில்லை. ரெஜினாவைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடராஜன் சார் ஓய்வுபெற்ற பொறியாளர். யாரையும் கடிந்து பேசாதவர். அந்த மென்மையோடுதான் அன்றும் பேசினார்.

"ஏம்மா இதப் போயி பெருசு பண்றீங்க? அவரு அப்படி ஒரு வார்த்தையே சொல்லலியே."

"அவரு சொல்லல சார். சொல்லாமயே செய்யறாரு. அதான் நான் சொல்றேன்."

"தைப்பூசத்துக்கு வடலூர்ல அவரு போடற பந்தியப் பாத்திருக்கீங்களா? எல்லா சனமும் ஒண்ணா ஒக்காந்துதான் சாப்புடுது. அவுரப் போயி இப்படிச் சொன்னா எப்படிம்மா?"

"பாத்திருக்கேன் சார். அங்க அவரு நின்னுக்கிட்டுப் பரிமாறுறாரு. இங்க ஒக்காரணும். அது வேற, இது வேற."

மன்னிப்புக் கேட்காமல் எழுந்து வந்தாள். நானும் வந்துவிட்டேன்.

அன்று என் வண்டியில் அவளை முதுநகரில் விடப் போனேன். சாலையோர ரசாயன ஆலைகளைத் தாண்டினோம். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஊரு கல்லறையில நடுவால ஒரு சுவரு இருக்கு மகா. செத்தவங்களுக்கு நடுவுல சுவரு. அதுல எங்கப்பா எந்தப் பக்கம் இருக்காருன்னு இந்தக் கிளப்புல யாருக்கும் தெரியாது. நான் மஸ்கட்லேர்ந்து வந்தவ, எக்ஸ்ரே எடுக்கறவ. என்கிட்ட யாரும் ஊர் பேரக் கேக்கல. கேட்டிருந்தா, என் போட்டையும் சோப்பு போட்டுத்தான் கழுவியிருப்பான்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் அழவில்லை. "போ, போ, எதுக்கு நிறுத்துற? ஆரோக்கியம் சோறு வெச்சிக்கிட்டுக் காத்திருப்பாரு," என்று என்னைத்தான் அதட்டினாள்.

கிளப் அதன் பிறகு செய்ததுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. பராமரிப்பு வசதியை முன்னிட்டு இனி ஒவ்வொரு உறுப்பினரும் தத்தம் சொந்தப் படகில் பந்தயத்தில் கலந்துகொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். குலுக்கல் நின்றது. சொந்தப் படகு வாங்க முடியாதவர்கள் கரையில் நின்று கை தட்டலாம். பாலமுருகனும் அன்பரசியும் ஒருநாள் தங்கள் தொப்பிகளை எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. பள்ளி ஆசிரியைகள் போனார்கள். மருத்துவ மாணவர்கள் போனார்கள். ஒரு மனிதர் இன்னொருவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார மறுத்ததற்காக ஒரு விளையாட்டையே கலைத்துப் போட்டார்கள். அதற்கு நாகரிகமாகப் பராமரிப்பு என்று பெயர் வைத்தார்கள். தனசேகரனைக்கூட நான் ஒரு கணக்கில் புரிந்துகொள்வேன். அவர் தன் அழுக்கை மறைக்கத் தெரியாதவர். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய மற்ற நல்லவர்களை எனக்குப் புரியவில்லை. அவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தைய மாதம்வரை பாலுவோடு ஒரே தட்டில் வேர்க்கடலை தின்றவர்கள்.

ரெஜினா ஹாஜா பாயிடம் போனாள். கிளப் பழைய எட்டுப் படகுகளை வெயிலில் போட்டு வைத்திருந்தது. ஆனால் அச்சு ஹாஜா பாயிடம்தான் இருந்தது. "எனக்கு விஷயம் காதுல விழுந்துச்சும்மா. பள்ளிவாசல்ல தோளோட தோள் இடிச்சி நின்னு தொழுவுறவன் நான். எனக்கு நீ வெளக்கம் சொல்ல வேணாம். எத்தினி போட்டு வேணும், அதச் சொல்லு," என்றார். ஊருக்கு வந்திருந்த வளைகுடாக்காரர்கள் ஆளுக்கொரு படகைத் தங்கள் செலவாக ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பரங்கிப்பேட்டைக் கரையில் ஒரு கொட்டகை போட்டோம். எண்ணைத் தவிர வித்தியாசமே இல்லாத படகுகள் மறுபடியும் தண்ணீரில் இறங்கின.

முதல் நாள் குலுக்கலுக்கு முன் ரெஜினா எல்லோரையும் நிற்க வைத்து, "வந்த போட்ல ஏற மாட்டேன்னு யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிட்டுப் போயிடுங்க. பாதியில சொன்னா தண்ணியில தள்ளிடுவேன்," என்றாள். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பாலுவும் அன்பரசியும் இறங்கிவந்த படகு ஹாஜா பாய் மருமகனுக்குப் போயிற்று. அவர் இறங்கியது எங்களுக்கு வந்தது. இன்று வெள்ளாற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கிள்ளையிலிருந்து வருகிறார்கள், புதுச்சேரியிலிருந்துகூட வருகிறார்கள். கடலூர்க் கிளப்பில் சொந்தப் படகுகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. ஆளுக்கொரு படகு வந்த பிறகு பந்தயத்துக்குத்தான் ஆள் இல்லை.

இப்போது அடக்கத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே இல்லாதவர்களுக்கு வேறுமாதிரி சொல்லப்பட்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

முதுநகரில் அவள் வீட்டு வாசலில் பெட்டியை வைத்திருந்தோம். வெள்ளாற்றுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பாலு தெருமுனையில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அன்பரசி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது கிளப் ஆட்கள் வந்தார்கள். முன்னால் தனசேகரன், ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையத்தோடு. பின்னால் நடராஜன் சார், கையில் மடித்த கிளப் கொடி. மலர்வளையத்தை வைத்தார்கள்.  சாவு வீடு, விட்டுவிட்டோம். பிறகு நடராஜன் சார் கொடியைப் பிரித்தார். புகைப்படம் எடுக்க ஒருவர் தயாராக நின்றார்.

ஆரோக்கியசாமியை உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வையாளர். ரெஜினா பேசும் இடத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கொடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். மடிச்சி எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஒரு மரியாதைக்குத்தான் ஆரோக்கியம். கிளப்புக்கு அவுங்க செஞ்சது…"

"இது அவ வேணாம்னு விட்டுட்டு வந்த கொடி சார். இப்ப நீங்க போத்திட்டா, அவளால எடுத்துப் போட முடியாது."

குரலை உயர்த்தவே இல்லை.  நடராஜன் சாரால் கொடியைச் சரியாக மடிக்க முடியவில்லை. சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். தனசேகரன் அன்பரசியைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அவள் எழுந்து வழி விடவில்லை. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்.

இதைத்தான் குடும்பத்தார் துக்கத்தில் நிலைதடுமாறியிருந்தனர் என்று குழுவில் எழுதினார்கள். ஆரோக்கியசாமி தடுமாறவில்லை. அந்தத் தெருவில் அன்று தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. வரும் தை மாதம் கடலூர்க் கிளப் நடத்தும் சொந்தப் படகுப் பந்தயத்துக்கு ரெஜினா நினைவுக் கோப்பை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் எதை எதிர்த்து வெளியேறினாளோ, அதன் தலையிலேயே அவள் பெயரை எழுதி வைக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவள் வாயை மூடச் சொன்னார்கள். இப்போது அது மூடிக்கொண்டதும் பெயர் மட்டும் வேண்டியிருக்கிறது. நடராஜன் சார், நீங்கள் என்னிடம் நல்லதாக நாலு வார்த்தை கேட்டீர்கள். என்னிடம் இருப்பது இதுதான்: அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். குலுக்கலைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பாலுவின் வீட்டுக்குப் போய் அவரையும் அன்பரசியையும் அழைத்துவாருங்கள், அவர்கள் இறங்கிய படகில் நீங்கள் முதல் ஆளாக ஏறுங்கள். அதன் பிறகு வேண்டுமானால் அவள் பெயரைக் கேளுங்கள். ஆரோக்கியசாமி யோசித்துச் சொல்வார். அதுவரை அந்தக் கோப்பையில் வேறு யார் பெயரையாவது பொறித்துக்கொள்ளுங்கள். கும்பிட்ட கைகளில் ஒன்றாவது இந்தப் பெயர்சூட்டலுக்கு எதிராகத் தூக்கப்படுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய உயிர்காப்பு உடுப்பை ஆரோக்கியசாமி என்னிடம் கொடுக்க வந்தார். எனக்கு அது பத்தாது. அன்பரசிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பின் இருக்கையில் இப்போது அன்பரசிதான் உட்காருகிறாள். நன்றாகத் திட்டக் கற்றுக்கொண்டு வருகிறாள்.

என்னிடம் ரெஜினாவுடையது என்ன இருக்கிறது என்று எனக்கே சென்ற வாரம்தான் தெரிந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். என்னோடு உதவியாளர் குமரன் வந்திருந்தார். காலையிலிருந்து இருவரும் ஒரே கொட்டிலில், ஒரே சாணியில் நின்று வேலை பார்த்தோம். முடிந்ததும் ஒரு பெரிய வீட்டில் டீ கொடுத்தார்கள். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது. குமரனுக்குக் காகிதக் கப்பில் வந்தது. குமரன் பழகிய முகத்தோடு அதை வாங்கக் கை நீட்டினார்.

"இவருக்கு ஏன் டம்ளர் இல்ல?" என்று கேட்டேன்.

அந்த வீட்டுக்காரர் சிரித்தார். "இருக்கறது கம்மி டாக்டரம்மா, கழுவறதுக்கு ஆளில்ல," என்றார். அவருக்குப் பின்னால் அலமாரியில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. தெருவில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சிரித்துப் பேசியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். குமரன்கூட, "பரவால்ல மேடம்," என்று மெல்லச் சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குடுங்க. டம்ளரோ கப்போ, ஏதாச்சும் ஒண்ணு," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். இவ்வளவு சத்தம் எனக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அலமாரிப் பக்கம் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.